யந்திரமும் ஜோசியம் சொல்லுகிறதா?

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சுவரோரமாக மேடை போட்டு நடந்த கூட்டத்தில் ஜோசியப் புரட்டைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசினோம். கூட்டம் முடிந்து கீழே இறங்கியதும் ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். நெற்றி நிறைய விபூதி. ஆனாலும் கடைசி வரையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டவர். "ஐயா, ஜோசியமெல்லாம் பொய் என்கிறீர்கள். இருக்கட்டும். என் பேரன் இஞ்சினீயர் காலேஜில் வாசிக்கிறான். பூகம்பம் வந்தால் இன்ன கட்டிடம் இப்படி ஆடும், இன்ன மாடி இவ்வளவு நகரும் என்று இப்போது யந்திரமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறதாம். அதற்குச் செயற்கை நரம்பு வலை என்று பேராம். மனிதன் சொன்னால் புரட்டு, யந்திரம் சொன்னால் சாஸ்திரமா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் இரண்டொரு வார்த்தையில் ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் பதில் நமக்கே திருப்தியளிக்கவில்லை. ஆகவே இங்கு எழுதுகின்றோம்.

முதலாவதாக ஒரு சங்கதி. இந்த யந்திரம் பூகம்பம் என்றைக்கு வரும் என்று சொல்லுவதில்லை. இன்ன நாள், இன்ன ஊர், இவ்வளவு பலம் என்று நாள் குறித்துச் சொல்ல இன்று உலகத்தில் எந்த விஞ்ஞானியாலும் முடியாது. முடியாது என்பதை அவர்களே வாய்விட்டு ஒப்புக்கொள்ளுகின்றார்கள். முடியும் என்று சொல்லிக்கொள்ளுபவர்களெல்லாம் நம் பஞ்சாங்கக்காரர்கள்தான். அதையும் பூகம்பம் வந்து நாலு நாள் கழித்து, "நான் அப்போதே சொன்னேன்" என்றுதான் சொல்லுவார்கள். யந்திரத்தினிடம் கேட்கப்படும் கேள்வி வேறு. "தரை இப்படி ஆடினால், அதன்மேல் நிற்கும் இந்தக் கட்டிடம் எப்படி ஆடும்?" என்பதே அது. இதற்கும் கிரகத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

கட்டிடம் ஆடுமா என்று சிலர் ஆச்சரியப்படக்கூடும். ஊஞ்சலைப் பாருங்கள். ஊஞ்சல் ஒரு தரம் போய் வருவதற்கு அதன் சங்கிலி நீளத்துக்குத் தகுந்தபடி ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு ஒத்தாற்போல் தள்ளினால் ஒரு சிறு பிள்ளை தள்ளினாலும் ஊஞ்சல் உத்தரத்தைத் தொடும். நேரம் தப்பித் தள்ளினால் பயில்வான் தள்ளினாலும் நின்றுபோகும். கட்டிடத்துக்கும் அதுபோலவே ஒரு நேரம் உண்டு. சுமாராக ஒரு மாடிக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு. பத்து மாடிக் கட்டிடம் ஒரு தரம் போய் வர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். தரையின் ஆட்டமும் கட்டிடத்தின் ஆட்டமும் ஒத்துப்போய்விட்டால் கட்டிடம் தாங்காது.

இதற்கு மெக்ஸிகோ நகரமே ருஜு. 1985 செப்டம்பர் 19-ந் தேதி அந்நாட்டின் மேற்குக் கடற்கரையோரம் பூகம்பம் உண்டாயிற்று. நகரமோ அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அந்நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரி ஒன்றைத் தூர்த்த களிமண்ணின்மேல் இருக்கின்றது. அந்தக் களிமண் ஒரு கிண்ணத்துக் கூழைப்போல் இரண்டு விநாடிக்கு ஒரு தரம் போய்ப் போய் வந்தது. அதற்கு ஒத்துப்போனவை நடுத்தர உயரமுள்ள, ஏறக்குறைய ஆறு மாடி முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டிடங்கள். அவைதான் அதிகமாய் விழுந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பக்கத்திலேயே குட்டையான வீடுகள் அநேகம் நின்றன. 1956-ல் கட்டி முடித்த 44 மாடிக் கோபுரம் ஒன்றும் விழாமல் நின்றது. தெய்வ கோபமென்றால் ஆறு மாடிக்கும் பதினைந்து மாடிக்கும் நடுவில் குடியிருந்தவர்கள் மட்டும் பாவிகளா? நாலாவது மாடியோடு முடிந்த வீட்டுக்காரனெல்லாம் புண்ணியவானா?

பாவம் என்ற பேச்சு வந்தபிறகு 1934-ம் வருஷத்தை நாம் விட்டுவிட முடியாது. அவ்வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் நேர்ந்து பதினாயிரம் பேருக்குமேல் மடிந்தார்கள். ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24-ந் தேதி, நம் திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டத்தில் காந்தியார் அது தீண்டாமை என்னும் பாவத்திற்குக் கடவுள் அளித்த தண்டனை என்று பேசினார். தீண்டாமை பெரும் அக்கிரமம் என்பதில் நமக்கு அவரைவிட இம்மியும் குறைந்த அபிப்பிராயமில்லை. ஆனால் அந்தப் பாவத்தைச் செய்தவன்மீது விழுந்த சுவர் அந்தப் பாவத்தை அனுபவித்தவன்மீதும் விழுந்ததே, அதற்கு என்ன கணக்கு? பாவம் அதிகமாய் நடந்த தென்னாட்டை விட்டுவிட்டு வடக்கே போய் ஏன் அடிக்க வேண்டும்? இதை நாம் மட்டும் கேட்கவில்லை. தெய்வ பக்தியுள்ள தாகூரே இயற்கை உற்பாதத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று மறுத்து எழுதினார். மண்ணியல் இலாகாக்காரர்கள் வடபீகாரைச் சுற்றிப் பார்த்து 1939-ல் வெளியிட்ட அறிக்கையில் பாவத்தைப் பற்றி ஒன்றுமில்லை. ஆற்று மணல் நீரோடு கலந்து குழம்பாகி, அதன்மேல் நின்ற வீடுகள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போன பிரதேசத்தை அவர்கள் படமாக வரைந்து காட்டினார்கள்.

இதே காலத்தில் வேறிடங்களில் நடந்ததையும் பாருங்கள். 1933 மார்ச்சு 10-ந் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து லாங் பீச் என்ற ஊரில் பூகம்பம். மாலை வேளையானதால் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடங்களோ ஏராளமாக இடிந்து கிடந்தன. ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 10-ந் தேதி, பள்ளிக்கூடம் இப்படித்தான் கட்டப்பட வேண்டுமென்று அங்கே சட்டம் வந்துவிட்டது. வெள்ளைக்காரனுக்குத்தான் அந்தப் புத்தி என்று நினைத்துவிட வேண்டாம். அக்கால இந்தியாவிலேயே குவெட்டாவில் குமார் என்ற ஓர் இளம் ரயில்வே இஞ்சினீயர், சுவருக்குள் பழைய தண்டவாளங்களை வைத்துக் கட்டிப் பூகம்பத்தைத் தாங்கும் குடியிருப்புகளை அமைத்தார். 1935 மே 31-ந் தேதி விடியுமுன் குவெட்டா தரைமட்டமாயிற்று. சுமார் முப்பதினாயிரம் பேர் போனார்கள். குமார் கட்டிய வீடுகள் நின்றன. அவர் யாருக்கும் பரிகாரம் செய்யவில்லை. தண்டவாளம்தான் வைத்தார்.

நிற்க. இப்போது பெரியவர் கேட்ட யந்திரத்துக்கு வருவோம்.

கட்டிடத்தின் எடை எவ்வளவு, தூண் எவ்வளவு விறைப்பு, ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற மூன்றும் தெரிந்தால் தரை ஆட்டத்தை விநாடியில் நூறில் ஒரு பங்காக நறுக்கி, ஒவ்வொரு நறுக்குக்கும் கட்டிடம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகலாம். இஞ்சினீயர்கள் வெகுநாளாய் அப்படித்தான் செய்கிறார்கள். தொல்லை என்னவென்றால், பலமாய் ஆடும்போது தூண் விரிசல் விடும், கம்பி இளகும், விறைப்பு மாறிவிடும். அதாவது ஐந்தாவது விநாடியில் இருக்கும் கட்டிடம் முதல் விநாடியில் இருந்த கட்டிடமல்ல. இதையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய கட்டிடத்துக்கு ஒரு பூகம்பத்துக்குக் கணக்குப் போடக் கம்ப்யூட்டருக்கே மணிக்கணக்கில் ஆகும். ஆயிரம் கட்டிடத்துக்கு ஆயிரம் விதப் பூகம்பம் என்றால் யாரால் முடியும்?

இங்கேதான் நரம்பு வலை வருகின்றது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மூளையின் நரம்பைப் பார்த்து 1943-ல் மெக்கல்லாக், பிட்ஸ் என்ற இருவர் எழுதிய ஒரு கணக்கு முறையிலிருந்து வந்த பெயர் அது; உள்ளே நரம்புமில்லை, ஆத்மாவுமில்லை. நாம் காலேஜ் படித்தவர்களல்ல. நாம் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்லுகின்றோம். மளிகைக் கடையில் புதிதாய்ச் சேர்ந்த பையன் புளியைக் கையால் அள்ளி "அரைக் கிலோ" என்கிறான். தராசில் போட்டால் முக்கால் கிலோ. அடுத்த தரம் கொஞ்சம் குறைத்து அள்ளுகின்றான். ஆயிரம் தரம் அள்ளிய பிறகு அவன் கையே தராசாகிவிடுகின்றது. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. நரம்பு வலையும் அந்தப் பையன்தான். தரை ஆடிய பதிவைக் கொடுத்து, மாடி எப்படி ஆடியிருக்கும் என்று கேட்கின்றார்கள். தப்பாய்ச் சொல்லுகின்றது. உண்மையில் மாடி ஆடிய பதிவை அருகில் வைத்து எவ்வளவு தப்பு என்று அளந்து, அந்தத் தப்பு குறையும்படி உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான எடைகளைச் சிறிது சிறிதாய்த் திருத்துகின்றார்கள். தப்பைப் பின்னோக்கிக் கொண்டுபோய்த் திருத்தும் இந்த வழி 1986-க்குப் பிறகு நன்றாய்ப் பரவிற்று. முன்னே நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு பின்னே வருவதைச் சொல்லும் வலை ஒன்றை 1997-ல் ஹோக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் என்ற இருவர் செய்தார்கள். முதல் விநாடி விரிசல் ஐந்தாவது விநாடி ஆட்டத்தை மாற்றுமல்லவா? அதனால் கட்டிடத்துக்கு அந்த வகை பொருத்தமாயிற்று.

பழக்குவதற்குப் பதிவு வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் கலிபோர்னியாவிலிருந்துதான். 1971-ல் சான் பெர்னாண்டோ பூகம்பத்தில் புதிதாய்க் கட்டிய ஆஸ்பத்திரியே நொறுங்கிற்று. அடுத்த வருஷமே அந்த மாகாணத்தார், கட்டிட லைசென்சுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை வசூலித்து, கட்டிடங்களில் அதிர்ச்சி பதியும் கருவிகளை வைக்க ஆரம்பித்தார்கள். அப்படிக் கருவி வைத்த கட்டிடங்களில் ஒன்று சான் பெர்னார்டினோ நகரத்து ஆறு மாடி ஹோட்டல். பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்த ஹோட்டல் பல வருஷங்களாய்ப் பதிந்து வைத்த அதிர்ச்சிகளில் ஒரு பகுதியை வலைக்குக் காட்டிப் பழக்கினார்கள். மீதியைக் காட்டாமல் ஒளித்து வைத்தார்கள். பிறகு ஒளித்து வைத்ததில் தரையாட்டத்தை மட்டும் கொடுத்து மேல்மாடி எப்படி ஆடியது என்று கேட்டு, வலை சொன்னதையும் கருவி பதிந்ததையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. ஒரு தரம் பழகிவிட்டால் மணிக்கணக்கு வேலை விநாடிக் கணக்கில் முடிகின்றது.

பெரியவரே! ஒளித்து வைத்தார்கள் என்றோமே, அதிலேதான் தங்கள் கேள்விக்குப் பதில் இருக்கின்றது.

நம் வீடுகளில் மனையடி சாஸ்திரம் என்று ஒன்று இருக்கின்றது. அதுவும் கட்டிடத்தின் அளவை வாங்கிக்கொண்டு பலன் சொல்லுகின்றது. இத்தனை அடி இருந்தால் செல்வம் கொழிக்கும், ஓர் அடி கூடினால் தரித்திரம், மற்றோர் அடி கூடினால் மரணம் என்கின்றது. அளவு உள்ளே போகின்றது, பலன் வெளியே வருகின்றது. அந்தமட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆனால் எந்தக் காலத்திலாவது, எந்த மனையடி சாஸ்திரியாவது, நூறு வீட்டின் அளவை எடுத்துப் பலனை எழுதி உறையில் போட்டு ஒட்டி, இருபது வருஷம் கழித்துப் பத்துப்பேர் முன்னிலையில் பிரித்து, "எழுபது தப்பு, முப்பது சரி, ஆகையால் சாஸ்திரத்தைத் திருத்துகிறேன்" என்று சொன்னதுண்டா? செல்வம் வந்தால் அடிக்கணக்கு, வராவிட்டால் ஜாதகம், ஜாதகமும் நன்றாயிருந்தால் பூர்வஜென்மம். தப்பே வராத சாஸ்திரத்தைத் திருத்துவது எப்படி? யந்திரமோ தன் தப்பைத் தின்று வளர்ந்தது. எவ்வளவு தப்பும் என்பதைக் காகிதத்தில் எண்ணாய் எழுதிக் காட்டுகின்றார்கள். நாம் யந்திரத்தை நம்பவில்லை, பெரியவரே. அந்தச் சோதனையைத்தான் ஒப்புக்கொள்ளுகின்றோம். நாளைக்கே ஒரு ஜோசியர் அதே சோதனைக்கு வந்து ஜெயித்தால் அவர் காலிலும் விழத் தயார். கூட்டத்துக்குக் கூட்டம் நாம் கூப்பிட்டுக் கொண்டுதான் இருக்கின்றோம், பஸ் சார்ஜும் தருகிறோம் என்கின்றோம், வருவாரைக் காணோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் கவலையைச் சொல்லாமல் விட்டால் நாமும் ஒருவித பஜனைக் கோஷ்டிதான். பழைய தெய்வத்தை இறக்கின பீடத்தில் கம்ப்யூட்டரை ஏற்றிக் கற்பூரம் காட்டும் படிப்பாளிகள் நம்மிடையே பெருகிக்கொண்டு வருகின்றார்கள். "யந்திரம் சொல்லிவிட்டது" என்றால் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாதாம். இது என்ன நியாயம்? புளி அள்ளிப் பழகின பையனை இரும்பு அள்ளச் சொன்னால் அவன் கை தப்பும். சிறு அதிர்ச்சியை மட்டும் பார்த்துப் பழகின வலை, கட்டிடத்தையே ஒடிக்கிற பேரதிர்ச்சிக்கு என்ன சொல்லும் என்பதை அப்படியே நம்ப முடியாது; ஏனெனில் அதை அது பார்த்ததில்லை. ஒரு ஹோட்டலுக்குப் பழகினது அடுத்த தெருக் கட்டிடத்துக்கு உதவாமற் போகலாம். இதை உணர்ந்துதான், பதிவை மட்டும் நம்பாமல் எடை, விறைப்பு, விசை ஆகியவற்றின் விதிகளையும் வலைக்குள் புகுத்தி, நடக்கவே முடியாததை அது உளறாதபடி செய்ய அதே ஆராய்ச்சிக்காரர்கள் 2020-ல் வேறொரு முறையை வெளியிட்டார்கள். ஆகவே யாராவது யந்திரத்தின் பேரைச் சொல்லி அத்தாட்சிப் பத்திரம் நீட்டினால், எந்தப் பதிவில் பழகிற்று, காட்டாத எந்தப் பூகம்பத்தில் சோதித்தீர், எவ்வளவு தப்பிற்று என்று கேளுங்கள். ஜோசியனைக் கேட்கின்ற அதே கேள்விதான். இஞ்சினீயர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அவரையும் ஜோசியர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு கவலை இதைவிடப் பெரிது. பெரும்பாலான ஜனங்கள் செத்தது கணக்குத் தெரியாததால் அல்ல, தெரிந்த கணக்கைச் செய்யாததால். நம் தேசத்தில் பூகம்பத்துக்குத் தாங்கும்படி கட்டுவதற்கான விதி 1962-லேயே அச்சாகிவிட்டது. 2001 ஜனவரி 26-ந் தேதி கட்ச் பூகம்பத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஆமதாபாத்தில் அடுக்கு வீடுகள் பல விழுந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கீழ்த் தளத்தைக் காருக்காகத் திறந்துவிட்டு, மேலே மட்டும் சுவரும் மாடியுமாய் ஏற்றி நிறுத்திய கட்டிடங்கள் அவற்றில் அநேகம். குதிரை மரக்காலில் நிற்கிற ஆள்மேல் மூட்டை ஏற்றினாற்போல. துருக்கியில் 2018-ல் கவர்ன்மெண்டாரே பணத்தை வாங்கிக்கொண்டு விதிமீறிய கட்டிடங்களுக்கு மன்னிப்புப் பத்திரம் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரி 6-ந் தேதிப் பூகம்பத்தில் அந்நாட்டில் ஐம்பதினாயிரம் பேருக்குமேல் இறந்தார்கள். இங்கெல்லாம் எந்த நரம்பு வலை வந்து என்ன சொல்லியிருந்தாலும் கேட்கிறவன் யார்? முன்பு "விதி" என்று கைகழுவின கட்டிட முதலாளி இனிமேல் "யந்திரம் பாஸ் செய்தது" என்று கைகழுவாமலிருக்க வேண்டும்.

பிறகு ஏழைகள். கருவி வைத்திருப்பது ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் பாலத்திலும். பதிவு இருக்கும் இடத்துக்குத்தான் யந்திரத்தின் புத்தி எட்டும். மகாராஷ்டிரத்தில் கில்லாரி என்ற கிராமத்தை நினைத்துப் பாருங்கள். 1993 செப்டம்பர் 30-ந் தேதி விடியற்காலம் நாலு மணிக்கு முன், பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் படுத்திருந்த இரவு, அந்தக் கிராமமும் சுற்றுப்புறமும் விழுந்து சுமார் 8,000 முதல் 10,000 பேர் வரை இறந்தார்கள். பூகம்பத்தின் அளவு 6.2 தான், பீகாரோடு பார்த்தால் மிகச் சிறியது. கொன்றது சுவர்: உருண்டைக் கல்லைச் சேற்றில் வைத்து அகலமாய் எழுப்பி, உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துக் கட்டும் குறுக்குக் கல் வைக்காமல், மேலே மரம் பரப்பி அதன்மேல் கனத்த மண்ணைக் கொட்டிய வீடுகள். அந்தச் சுவருக்கு நரம்பு வலை வேண்டாம். இரண்டு முகத்தையும் பிணைக்கும் நீளக் கல்லும், ஜன்னலுக்குமேல் நாலு சுவரையும் சுற்றிவரும் ஒரு பெல்ட் கான்கிரீட்டும் இருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்று எந்தப் படித்த மேஸ்திரியும் சொல்லுவார். தூணில் கம்பி கட்டுபவர் ரிங்கின் நுனியைச் சும்மா தொண்ணூறு டிகிரி மடக்கி விடாமல், 135 டிகிரிக்கு உள்ளே திருப்பி மடக்கினால் தூண் எளிதில் பிளக்காது. அதற்கு ஆகும் செலவு ஒரு விரற்கடைக் கம்பி.

நம் பக்கத்துக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று சொல்லிவிட வேண்டாம். 1900 பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் பூகம்பம் நேர்ந்திருக்கின்றது. 2002-ல் விதியைத் திருத்தினபோது சென்னையையும் ஒருபடி மேலான அபாய மண்டலத்தில் சேர்த்தார்கள்.

அன்று மேடைக்குப் பின்புறமிருந்த பள்ளிக்கூடத்துச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரையில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. சுண்ணாம்படித்து அதன்மேல் சரஸ்வதி படம் மாட்டியிருந்தார்கள். பெரியவர் தமது பேரன் லீவுக்கு ஊருக்கு வரும்போது அந்தப் படத்தைச் சற்று நகர்த்திவைத்து, ஜன்னலுக்குமேல் பெல்ட் ஓடுகிறதா, இல்லையா என்று பார்த்துச் சொல்லச் சொல்லட்டும். இல்லையென்றால் பஞ்சாயத்தாருக்கு எழுத வேண்டிய மனுவை நாமே எழுதித் தருகின்றோம்.